வளையலும் ஓலைப்பெட்டியும்: ஒரு வடிவியல் டீச்சரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் கணக்கு நடத்துகிறேன். ஆராய்ச்சி வடிவியலில். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. வகுப்பு முடிந்து வராந்தாவில் நிற்கும்போது, ஜங்ஷனில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடமிருந்து என்று ஒரே மாதிரிக் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஆசையாகத்தான் கேட்கிறார்கள். நின்ற நிலையில் பாதிப் பதில் சொல்லிவிட்டு வந்து, ராத்திரி படுத்த பிறகு "அதை இப்படிச் சொல்லியிருக்கலாமே" என்று தோன்றும். அதனால் நிதானமாக எழுதி வைக்கிறேன்.

உங்கள் ஆராய்ச்சியை ஒரே வரியில் சொல்ல முடியுமா?

ஒரு விளிம்பைக் கொடுத்தால், அதைக் கட்டிக்கொண்டு நிற்கிற பரப்புகளில் மிகக் குறைந்த பரப்பளவு உள்ளது எது, அதைக் கொஞ்சம் அசைத்தால் நிலைத்து நிற்குமா உடைந்துபோகுமா என்று பார்க்கிறேன். சிறுமப் பரப்பு என்று பெயர். வகுப்பில் மினிமல் சர்ஃபேஸ் என்றே சொல்லிக்கொள்வோம்.

ஒரு வரி போதாது. புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

சரி. எம்.எஸ்ஸி. முதல் வருஷ வகுப்பில் இதை ஆரம்பிக்கும் நாளன்று இரண்டு மெல்லிய உலோக வளையல்கள், ஒரு அகலக் கிண்ணம் நிறைய சோப்புத் தண்ணீர், ஒரு ஸ்கேல் கொண்டுபோவேன். வளையல் 2-6 சைஸ், அதாவது உள்விட்டம் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர், ஆரம் 3. இரண்டையும் சேர்த்து முக்கி எடுத்து மெதுவாக விலக்கினால் இடையில் சோப்புப் படலம் நிற்கும். பெரும்பாலும் நடுவில் ஒரு வட்டப் படலமும் குறுக்கே நிற்கும். காய்ந்த விரலால் அதைத் தொட்டு உடைத்துவிட வேண்டும். உடைந்த அடுத்த கணம், மிச்சப் படலம் சட்டென்று உள்வாங்கி, இடுப்பு சிறுத்த உடுக்கை மாதிரி ஒரு வடிவத்துக்கு வந்து நிற்கும். பின்பெஞ்சில் இருப்பவர்கள்கூட எழுந்து வந்துவிடுவார்கள்.

அந்த உடுக்கைதான் கேட்டினாய்டு. ஆய்லர் என்ற கணித மேதை 1744-லேயே கண்டுபிடித்துவிட்டார். அதன் பக்கவாட்டுக் கோடு, துணி காயப்போடும் கொடி தொய்ந்து தொங்குமே, அதே வளைவு. கொடியின் வளைவு பரவளையம் என்றுதான் பார்த்த கண்ணுக்குத் தோன்றும், ஆனால் பரவளையம் இல்லை. 1691-ல் லைப்னிட்ஸ், ஹைகன்ஸ், யோஹான் பெர்னூலி மூன்று பேரும் தனித்தனியாக அதன் சரியான சமன்பாட்டைச் சொன்னார்கள்.

இப்போது வளையல்களை இன்னும் விலக்கிக்கொண்டே போங்கள். இடுப்பு சிறுத்துக்கொண்டே வரும். இடைவெளி ஆரத்தின் 1.3255 மடங்கைத் தாண்டியதும் படலம் பட்டென்று அறுந்து இரண்டு வளையலிலும் தட்டையான வட்டமாக ஒட்டிக்கொள்ளும். 3 சென்டிமீட்டர் ஆரத்துக்கு அது கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர். கணக்கைக் கரும்பலகையில் போட்டுவிட்டு, ஒரு பிள்ளை ஸ்கேலைப் பிடித்துக்கொள்ள, இன்னொரு பிள்ளை வளையலை விலக்க, 4-ஐ நெருங்கும்போது வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். கை நடுக்கத்தில் சில நேரம் முன்னாலேயே உடையும், ஆனால் 4-ஐத் தாண்டி நின்றதை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

எனக்குப் பிடித்த இடம் இதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. இடைவெளி ஆரத்தின் 1.0554 மடங்கைத் தாண்டிவிட்டாலே, நம் வளையலில் 3.2 சென்டிமீட்டர் வாக்கில், இரண்டு தட்டை வட்டங்களின் மொத்தப் பரப்பளவு உடுக்கையின் பரப்பளவைவிடக் குறைந்துவிடுகிறது. அப்படியென்றால் படலம் அப்போதே அறுந்து அங்கே போயிருக்க வேண்டுமே? போவதில்லை. மலைமேல் ஒரு பள்ளத்தில் தேங்கிய தண்ணீர், கீழே ஆறு ஓடுவது தெரியாமல் அங்கேயே நிற்கிற மாதிரி, படலம் தன் சுற்றுவட்டாரத்தில் இதைவிடக் குறைவு இல்லை என்று நின்றுகொண்டிருக்கும். இதோடு விடவில்லை. சமன்பாட்டைத் தீர்த்தால் ஒரே இடைவெளிக்கு இரண்டு உடுக்கைகள் விடையாக வரும், ஒன்று இடுப்பு பெருத்தது, இன்னொன்று மெலிந்தது. மெலிந்தது சோப்பில் ஒருபோதும் நிற்காது, ஏனென்றால் அது நிலையற்றது, நூலிழை அசைந்தாலும் விழுந்துவிடும். வளையலை விலக்க விலக்க இந்த இரண்டு விடைகளும் ஒன்றையொன்று நெருங்கி, 1.3255-ல் ஒன்றாகி, அப்புறம் இரண்டுமே இல்லாமல் போகின்றன. எந்தப் பரப்பு நிற்கும், எது விழும், எத்தனை விதமாக விழும் என்பதைத்தான் இதைவிடச் சிக்கலான விளிம்புகளுக்கும், மூன்றுக்கு மேற்பட்ட பரிமாணங்களுக்கும் நான் எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வளைவு, வளைவு என்கிறீர்களே, வளைந்தது எல்லாம் வளைவுதானே?

இல்லை. இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு அதிக நேரம் வேண்டும்.

பத்தமடைப் பாயை எடுத்துக்கொள்ளுங்கள். சுருட்டி அலமாரியில் வைக்கிறோம், விரித்தால் பழையபடி தட்டையாகக் கிடக்கிறது. சுருட்டியபோது பாய்க்குள் எந்தக் கோரையும் நீளவும் இல்லை, சுருங்கவும் இல்லை. பாய்மேல் ஊர்கிற எறும்பு தன் காலடியில் தூரத்தையும் கோணத்தையும் மட்டும் அளந்து பார்த்தால், பாய் சுருண்டிருக்கிறதா விரிந்திருக்கிறதா என்று அதற்குத் தெரியவே தெரியாது. அதே பாயை ஒரு பித்தளைக் குடத்தின் வயிற்றில் மடிப்பு விழாமல் ஒட்டிப் பாருங்கள். முடியாது. குடத்தின் மேல் ஊர்கிற எறும்பு வெளியே எட்டிப் பார்க்காமலேயே, தான் தட்டையான இடத்தில் இல்லை என்று அளந்து கண்டுபிடித்துவிடும். இப்படி உள்ளேயிருந்தே அளக்க முடிகிற வளைவு ஒன்று உண்டு என்று காஸ் என்ற கணித மேதை 1827-ல் நிரூபித்தார். தன் தேற்றத்துக்கு அவரே 'மிகச் சிறந்த தேற்றம்' என்று லத்தீனில் பெயர் வைத்தார். நான் நடத்தியதில் எனக்கும் அதுதான் மிகச் சிறந்தது.

பதநீர் குடிக்கிற பட்டை ஞாபகம் இருக்கிறதா? விரித்த ஓலை தளதளவென்று தொங்கும். அதையே ஒரு திசையில் வளைத்து மடித்துக் கட்டிவிட்டால் பதநீரின் கனத்தைத் தாங்குகிறது. ஒரு திசையில் வளைந்துவிட்ட தட்டைப் பொருள், நீளாமல் சுருங்காமல் இன்னொரு திசையிலும் வளைய முடியாது. விறைப்பு அங்கிருந்துதான் வருகிறது. பனையேறிகள் காஸுக்கு வெகு காலம் முன்பே கையால் அறிந்திருந்த விஷயம்.

எங்கள் ஆச்சி ஓலைப்பெட்டி முடைவாள். அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் வீட்டுத் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து, கையில் ஒரு ஊசி, பக்கத்தில் தண்ணீர் தெளித்து நனைத்துவைத்த ஓலை. அடி சதுரமாக வளரும். நான்கு மூலையிலும் ஓலையை மடக்கி மேலே ஏற்றுவாள். வாய்க்கு வரும்போது வட்டமாகியிருக்கும். சதுரம் எப்போது வட்டமானது என்று எனக்குப் பிடிபடவே இல்லை, ஏழெட்டு வயதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். தட்டையாகப் பின்னும்போது ஒரு புள்ளியைச் சுற்றி நான்கு செங்கோணங்கள், 360 பாகை. மூலையில் மூன்று செங்கோணங்கள்தான் சந்திக்கின்றன, 270. குறைகிற 90 பாகைதான் அந்த மூலையில் இருக்கிற வளைவு. ஒரு முழு கனசதுரத்தில் எட்டு மூலை, 8 × 90 = 720. கால்பந்தில் 60 மூலைகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஐங்கோணமும் இரண்டு அறுகோணங்களும் சேர்ந்து 348 பாகை, குறைவு 12, மொத்தம் 60 × 12 = 720. ஓட்டை இல்லாத எந்த மூடிய பெட்டியை எடுத்தாலும் 720-தான். டேகார்ட் பதினேழாம் நூற்றாண்டில் கண்டது இது. வகுப்பில் இதைச் சொல்லும் நாளன்று அட்டையில் பெட்டி செய்து கொண்டுவரச் சொல்வேன், கோணலும் மாணலுமாக எத்தனை விதமாகச் செய்து வந்தாலும் கூட்டினால் 720 வரும்.

இதற்கு நேர்மாறான வளைவும் உண்டு. கோழிக்கொண்டைப் பூவின் விளிம்பைப் பாருங்கள், நடுவுக்குத் தேவையானதைவிட விளிம்பு அதிகமாக வளர்ந்துவிட்டதால் இடம் போதாமல் நெளிந்து நெளிந்து எழுகிறது. எண்ணெயில் போட்ட கல்லிடைக்குறிச்சி அப்பளம் நெளிகிறபோதும் இதையேதான் பார்க்கிறோம், ஓர் இடம் கூடவும் ஓர் இடம் குறையவும் விரிகிறது. சோப்புப் படலமும் இந்த வகைதான். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு திசையில் எவ்வளவு மேலே வளைகிறதோ அதே அளவு அதற்குக் குறுக்கான திசையில் கீழே வளைந்து சரிக்கட்டிக்கொள்கிறது.

முக்கோணத்தின் கோணங்கள் 180 பாகை இல்லை என்று வகுப்பில் சொன்னீர்களாமே?

காகிதத்தில் 180. பூமியில் அதைவிடக் கொஞ்சம் அதிகம். திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மூன்றையும் பூமியின் மேல் நேர்வழியில் இணைத்தால் வருகிற முக்கோணத்தின் பரப்பு ஏறக்குறைய 1,370 சதுர கிலோமீட்டர். கோணங்களைக் கூட்டினால் 180 பாகையைவிடச் சுமார் 7 விகலை கூடுதலாக இருக்கும். ஒரு பாகையில் 3,600 விகலை, அதனால் இது மிகச் சின்ன அளவு. ஆனால் 1802-ல் சென்னையில் தொடங்கிய பெரிய நில அளவையில் இந்த மிகுதியைக் கழித்துத்தான் கணக்குப் போட வேண்டியிருந்தது. ஒவ்வொரு 197 சதுர கிலோமீட்டருக்கும் ஒரு விகலை என்று வைத்துக்கொண்டு உங்கள் ஊர்களுக்கும் போட்டுப் பாருங்கள்.

"எம்மா, கணக்குல இன்னும் கண்டுபிடிக்க என்ன இருக்கு? எல்லாம் அன்னைக்கே முடிஞ்சிட்டுல்லா?"

எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி கேட்டது. அவர் கடையிலேயே பதில் இருந்தது. எலுமிச்சம்பழத்தை அடுக்கி வைத்திருந்தார், அடியில் ஒரு வரிசை, மூன்று பழத்துக்கு நடுவில் உள்ள குழியில் மேல்பழம். இதைவிட நெருக்கமாகப் பந்துகளை அடுக்க முடியாது என்று கெப்ளர் 1611-ல் சொன்னார். நிரூபணம் வந்தது 1998-ல், ஹேல்ஸ் என்பவரால். அதையும் கணினியைக் கொண்டு வரி விடாமல் சரிபார்த்து முடிக்க 2014 ஆகிவிட்டது. அண்ணாச்சிக்கு அன்றாடம் கை அறிந்த விஷயம், கணக்குக்கு நானூறு வருஷம். தேன்கூட்டின் அறுகோணத்துக்கும் இப்படித்தான், 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்னும் முடியாதவையும் நிறைய. இடத்தை ஒரே கன அளவுள்ள நுரைக்குமிழிகளாகப் பிரிக்க வேண்டும், இடைச்சுவரின் பரப்பு மிகக் குறைவாக இருக்க வேண்டும், எப்படிப் பிரிப்பது? 1887-ல் கெல்வின் ஒரு விடை சொன்னார். நூறு வருஷத்துக்கு மேல் அதுதான் சிறந்தது என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். 1993-ல் வேர், ஃபெலன் என்ற இரண்டு பேர் அதைவிட ஏறக்குறைய 0.3 சதவீதம் குறைவான ஒன்றைக் காட்டிவிட்டார்கள். அதற்கும் கீழே ஒன்று இருக்கிறதா? யாரும் இதுவரை நிரூபிக்கவில்லை. பாத்திரம் துலக்கும்போது கையில் நிற்கிற நுரை அது.

இதனால் என்ன பயன்?

கேட்கத்தான் செய்வார்கள், கேட்பதில் தப்பில்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக் அரங்கத்தின் கூரையை ஃப்ரை ஓட்டோ சோப்புப் படல மாதிரிகள் வைத்து யோசித்துத்தான் வடிவமைத்தார். 2008 பெய்ஜிங் நீச்சல் அரங்கத்தின் சுவர் அந்த வேர்-ஃபெலன் நுரைதான். காஸின் வளைவை 1854-ல் ரீமான் எத்தனை பரிமாணத்துக்கும் நீட்டினார், அறுபது வருஷம் கழித்து 1915-ல் ஐன்ஸ்டைன் ஈர்ப்பு விசையையே வளைவு என்று எழுத அந்தக் கணக்கு தயாராக இருந்தது. உங்கள் போனில் இருக்கும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோளின் கடிகாரம், சார்பியலின்படி நாளொன்றுக்கு 38 மைக்ரோ நொடி திருத்தப்படாவிட்டால் வழி காட்டவே காட்டாது.

ஆனால் நான் இவற்றுக்காக இந்த வேலையைச் செய்யவில்லை. ரீமானும் போனுக்காகச் செய்யவில்லை. ஒரு வடிவம் ஏன் அப்படி நிற்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான், அந்த ஆசைக்குக் காரணம் தேடினால் ஆச்சியின் திண்ணைக்குத்தான் போய் நிற்பேன்.

லேப் இல்லாமல் எப்படி ஆராய்ச்சி? நாள் முழுக்க என்ன செய்வீர்கள்?

ஒருபக்கம் அச்சடித்த பழைய கேள்வித்தாள்களின் பின்பக்கம்தான் என் லேப். காலையில் பிள்ளைகள் வருவதற்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். முந்தின நாள் விட்ட இடத்தை எடுத்துத் திரும்ப எழுதுவேன். பெரும்பாலான நாட்களில் ஒன்றும் நகராது. மற்றவர்களின் புதுக் கட்டுரைகளை ஆர்க்கைவ் தளத்தில் படிப்பேன், 1991-லிருந்து உலகமே அங்கே இலவசமாகப் போட்டு வைக்கிறது, நம்மைப் போலப் பெரிய நூலகம் பக்கத்தில் இல்லாதவர்களுக்கு அது பெரிய கொடை.

ஒரு கட்டுரை மூன்று வருஷம் எடுத்தது. முடித்து ஒரு ஆராய்ச்சி இதழுக்கு அனுப்பி எட்டு மாதம் கழித்து மதிப்பீட்டாளரிடமிருந்து ஒரு பக்கக் கடிதம் வந்தது. ஏழாவது பக்கத்தில் ஒரு துணைத்தேற்றத்தில் விளிம்பு எங்கும் ஒரே பக்கமாக வளைகிறது என்று நான் சொல்லாமலேயே எடுத்துக்கொண்டிருக்கிறேன், உள்பக்கம் வளைகிற இடம் இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தார். அவர் சொன்னது சரி. மூன்று வருஷ வேலை அந்த ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு மாதம் தூக்கம் சரியாக இல்லை. கடைசியில் வழி கிடைத்தது அம்பாசமுத்திரம் பஸ்ஸில், சேரன்மகாதேவி தாண்டி, வாய்க்கால் கரை உள்பக்கம் வளைகிற இடத்தில் தண்ணீர் எப்படிச் சுழன்று போகிறது என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது. டிக்கெட்டின் பின்னால் எழுதினேன். அந்த மதிப்பீட்டாளர் யார் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது என்பதுதான் முறை. என் வேலையை அவ்வளவு பொறுமையாகப் படித்த அந்த மனிதருக்கு இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன்.

கம்ப்யூட்டரே எல்லாம் போட்டுவிடுமே, இனி நீங்கள் எதற்கு?

படம் வரையவும், எண்களைப் போட்டுப் பார்க்கவும், தப்பைச் சீக்கிரம் கண்டுபிடிக்கவும் நானும் பயன்படுத்துகிறேன். எலுமிச்சைக் கணக்கே கணினி இல்லாமல் முடிந்திருக்காது. ஆனால் ஒரு பிள்ளை "ஏன்" என்று கேட்டு அது பிடிபடும்போது அந்த முகத்தில் வருகிறதே, அதை யாரும் அந்தப் பிள்ளைக்காகச் செய்துகொடுக்க முடியாது.

வகுப்பில் ஏன் பிள்ளைகளையே போர்டில் எழுதச் சொல்கிறீர்கள்? சிலர் பயப்படுகிறார்களே?

பயப்படுவார்கள், முதல் மாதம். என் வகுப்புக்கு வருபவர்களில் பாதிப்பேர் வீட்டில் முதல்முறையாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். களக்காட்டிலிருந்தும் வள்ளியூரிலிருந்தும் காலை ஆறு மணிக்குக் கிளம்பி வருகிறார்கள். பன்னிரண்டு வருஷம் எழுதிப்போட்டதைப் பார்த்து எழுதியே பழகியவர்கள். நிரூபணத்தை வரி பிசகாமல் ஒப்பிப்பார்கள், "இந்த மூன்றாவது வரி எதற்கு?" என்று கேட்டால் தலை குனிந்துவிடும். அது அவர்கள் குற்றம் இல்லை.

எனக்கே நடந்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் இருசமபக்க முக்கோணத்தின் அடிக்கோணங்கள் சமம் என்பதற்கு நடுக்கோடு எதுவும் வரையாமல், முக்கோணத்தைத் திருப்பிப் போட்டு அதோடு அதையே பொருத்திக் காட்டியிருந்தேன். நோட்ஸில் இல்லாத நிரூபணம் என்று முழு மதிப்பெண்ணும் போய்விட்டது. பிற்பாடுதான் தெரிந்தது, பாப்பஸ் என்ற அலெக்சாண்டிரியாக்காரர் நான்காம் நூற்றாண்டிலேயே அப்படித்தான் செய்திருக்கிறார். அன்றைக்கு நான் அழுததை மறக்கவில்லை, அதனால் என் விடைத்தாள் திருத்தலில் யாராவது தன் வழியில் போயிருந்தால் எத்தனை நேரம் ஆனாலும் உட்கார்ந்து கடைசிவரை படிப்பேன். வழி தப்பாக இருந்தாலும் எந்த வரி வரை சரி என்று எழுதிக் கொடுப்பேன்.

போர்டில் நிற்கும் பிள்ளைக்கு இரண்டே விதி. தமிழில் சொல்லலாம், தெரியாத இடத்தில் "இங்க தெரியல மேடம்" என்று நிறுத்தலாம். அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் யாராவது எடுத்துக்கொள்வார்கள். போன வருஷம் ஒரு மாணவி, மூன்று மாதம் வாயே திறக்காதவள், கேட்டினாய்டை ஒரு பக்கமாக வெட்டி விரித்து முறுக்கினால் நீளாமல் சுருங்காமல் சுருள்படி வடிவமாகிவிடும் என்பதைச் சொல்ல வேண்டியிருந்தது. தாவணியைக் கையில் சுற்றி, ஒரு நுனியை என்னிடம் பிடிக்கக் கொடுத்து, முறுக்கிக் காட்டினாள். அப்புறம் போர்டில் சமன்பாட்டை எழுதினாள். இரண்டும் சரி.

பத்தாம் வகுப்புப் பையனுக்கு வடிவியல் என்றாலே வெறுப்பு. என்ன செய்ய?

செய்முறை வடிவியலில் 8 மதிப்பெண் உறுதி என்பதால் படிகளை மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள், வெறுப்பு அங்கிருந்து வருகிறது. புத்தகம் நல்ல புத்தகம். சீவா தேற்றம், மெனலாஸ் தேற்றம் எல்லாம் உள்ளே இருக்கின்றன. அவனிடம் ஜியாமெட்ரி பாக்ஸையும் கோடு போடாத காகிதத்தையும் கொடுத்து, ஏதாவது ஒரு முக்கோணம், மூன்று பக்கத்தின் நடுப்புள்ளி, எதிர் முனைகளோடு இணை என்று மட்டும் சொல்லுங்கள். மூன்று கோடும் ஒரே புள்ளியில் சந்திக்கும். இன்னொரு முக்கோணம் போடச் சொல்லுங்கள். திரும்பவும் சந்திக்கும். நாலாவது முக்கோணத்தில் அவனே "அதெப்படி?" என்பான். அதுவரை தேற்றத்தின் பெயரைச் சொல்லாதீர்கள். அட்டையில் வெட்டி அந்தப் புள்ளியில் பென்சில் நுனியை வைத்தால் முக்கோணம் சாயாமல் நிற்கும், அதையும் காட்டுங்கள்.

தமிழ் வழியில் படித்தால் எம்.எஸ்ஸி., ஆராய்ச்சி எல்லாம் முடியுமா?

முடியும். நானே அப்படித்தான் வந்தேன். முதல் ஆறு மாதம் ஆங்கிலச் சொற்கள் கஷ்டப்படுத்தும், ஒரு நோட்டில் இரண்டு பத்தியாகச் சார்பு, தொடர்ச்சி, எல்லை என்று எழுதிக்கொண்டே போனால் இருநூறு முந்நூறு சொல்லில் முடிந்துவிடும். யோசிப்பது தமிழில் இருக்கட்டும், எழுதுவதை ஆங்கிலத்தில் பழகிக்கொள்ளலாம்.

பி.எஸ்ஸி. முடிக்கும் முன்பே, ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் எம்.எஸ்ஸி. சேர எழுதுகிற ஜாம் நுழைவுத் தேர்வைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். சிறுசேரியில் சென்னை கணிதக் கழகம் இருக்கிறது, 1989-ல் சேஷாத்ரி தொடங்கியது. கோடையில் எம்.டி.டி.எஸ். என்ற பயிற்சி முகாம் நடக்கும், 1993-லிருந்து நடக்கிறது, அங்கே பாடம் ஒப்பிக்க மாட்டார்கள், கேள்வி கேட்டே நடத்துவார்கள். போய்வந்த பிள்ளைகள் வேறு ஆளாகத் திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன்.

பெண்பிள்ளையைக் கணக்கு படிக்க வைத்தால் வேலை கிடைக்குமா?

அம்மாக்கள் கேட்கிற கேள்வி, அப்பாக்கள் அம்மாக்களை விட்டுக் கேட்க வைக்கிற கேள்வி. கிடைக்கும். பள்ளி, கல்லூரி, வங்கி, மென்பொருள் என்று எங்கள் பிள்ளைகள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். வாங்கிவிட்டால் 2023-லிருந்து மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையோடு பிஎச்.டி. படிக்கலாம், வீட்டில் கை நீட்ட வேண்டாம். கரேன் உலென்பெக் என்ற பெண் 2019-ல் கணிதத்தின் மிக உயர்ந்த பரிசுகளில் ஒன்றான ஏபெல் பரிசு வாங்கினார், அந்தப் பரிசை வாங்கிய முதல் பெண் அவர்தான், வேலை என் துறையில், சிறுமப் பரப்புகளில். 2014-ல் அதே போன்ற பெருமை உள்ள ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கிய மரியம் மிர்சாகானியும் வடிவியல்தான். இந்த இரண்டு பெயரையும் நான் எல்லா அம்மாக்களிடமும் சொல்கிறேன், சொல்லிவிட்டு, பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதில் மாப்பிள்ளை பார்க்காமல் இரண்டு வருஷம் பொறுங்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன்.

நம் பக்கத்தில் பெரிய கணித மேதை யாராவது உண்டா?

உண்டு, நம் ஊர்க்காரர்களுக்கே தெரியாது என்பது எனக்குப் பெரிய குறை. எஸ்.எஸ். பிள்ளை, முழுப்பெயர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை, குற்றாலத்துக்குப் பக்கத்தில் வல்லம் கிராமத்தில் 1901-ல் பிறந்தவர். நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். எண் கணிதம் அவர் துறை. எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம் என்று லக்ராஞ்சு 1770-ல் காட்டியிருந்தார். ஆறாம் அடுக்குகளுக்கு எத்தனை வேண்டும் என்று கண்டுபிடித்தவர் பிள்ளை, 73. 1950-ல் அமெரிக்காவில் நடக்கவிருந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில் கெய்ரோ பக்கத்தில் விமானம் விழுந்து இறந்துபோனார். நாற்பத்தொன்பது வயது. குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிறவர்கள் வல்லம் வழியாகப் போனால் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரையும் 73-ஐயும் சொல்லுங்கள்.

உங்களிடம் பிஎச்.டி. சேர என்ன வேண்டும்?

பொறுமையும், ஒரு நல்ல நேரியல் இயற்கணித அடித்தளமும். மதிப்பெண் பட்டியலைப் பிறகு பார்ப்பேன். ஏதாவது ஒரு தேற்றத்தை உங்கள் வார்த்தையில் இருபது நிமிஷம் சொல்ல வாருங்கள், நடுவில் கேள்வி கேட்பேன்.

வளையல் பரிசோதனையை வீட்டில் செய்யலாமா?

தாராளமாக. ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் பாத்திரம் துலக்கும் திரவ சோப்பு, மருந்துக்கடையில் கிடைக்கும் கிளிசரின் ஒரு ஸ்பூன். நுரை வராமல் மெதுவாகக் கலக்கி ஒரு ராத்திரி வைத்துவிடுங்கள். போர் தண்ணீரில் சரியாக வராது, குழாயில் வருகிற ஆற்றுத் தண்ணீர் நல்லது. கண்ணாடி வளையலோ வேலைப்பாடு உள்ளதோ வேண்டாம், மெல்லிய வழவழப்பான உலோக வளையல்.

வளையல் முடிந்ததும் இன்னொன்று. கம்பியை வளைத்து உள்ளங்கை அளவு ஒரு சட்டம் செய்து, தையல் நூலில் ஒரு கண்ணி முடிச்சுப் போட்டு, அது சட்டத்துக்கு நடுவில் தளர்வாகத் தொங்குகிற மாதிரி ஒரு நூலால் கட்டிக்கொள்ளுங்கள். சோப்பில் முக்கி எடுத்தால் படலத்தின் மேல் கண்ணி கோணல்மாணலாகக் கிடக்கும், விரலால் தள்ளினால் தள்ளிய பக்கம் போகும். இப்போது கண்ணிக்கு உள்ளே மட்டும் காய்ந்த ஊசியால் குத்துங்கள். நூல் சுண்டி ஒரு வட்டமாகும், காம்பஸில் போட்ட மாதிரி அச்சு வட்டம். வேறெந்த வடிவமும் ஏன் வராது என்று யோசித்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள், புதன்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு மேல் நான் அறையில் இருப்பேன்.